கெல்பிரிட்ஜ் கடிதங்கள்

கெல்பிரிட்ஜ் என்ற ஊரைச் சந்திரமதி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஊர் மாதாகோயில் சுவரில் வெள்ளம் ஏறிய மட்டத்தைக் காட்ட எத்தனை கோடு செதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டால், யோசிக்காமல் ஒன்பது என்பாள். கெல் ஆற்றுப் பாலத்துக்கு ஏழு வளைவு. வடகரைக்கு ஒரு மணிக்கூண்டு, தென்கரைக்கு ஒரு மணிக்கூண்டு. இரண்டும் ஐந்து நிமிஷ வித்தியாசத்தில்தான் ஓடும், ஏனென்றால் இந்தக் கரைக்காரர்கள் சொன்னதை அந்தக் கரைக்காரர்கள் முன்னூறு வருஷமாக ஒத்துக்கொண்டதே இல்லை. சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே, இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரை ஊரின் அறுநூறு வருஷக் கதையை அவள் கேட்டு முடித்திருந்தாள்.

ஆசைப்பட்டுக் கேட்டதல்ல. அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை அங்கிருந்து கடிதம் எழுதினான், அப்பா அதை உரக்க வாசித்தார்.

அப்பா துரைசாமி துறைமுக அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. மனைவியை ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். ஒரே மகளை சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படிக்க வைத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், அவளுக்கு இருபது வயதாகும்போது, தனசேகரனைப் பேசி முடித்தார். ரங்கூன் ரோட்டில் வீடு வீடாக இட்லி மாவு ஆட்டிக் கொடுத்துப் பிழைத்த பூவம்மாவின் மகன் அவன். கெட்டிக்காரப் பையன். ஞாயிற்றுக்கிழமை தாம்பூலம் மாற்றினார்கள். புதன்கிழமை அவன் லண்டனுக்குக் கப்பல் ஏறினான்.

"மூணே வருஷம். பாரிஸ்டராக் கப்பலை விட்டு எறங்குவான், மறு வாரம் கல்யாணம்" என்று துரைசாமி தெருவெல்லாம் சொன்னார்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆண்பிள்ளை நேரே கடிதம் எழுதுவது அன்றைக்கு வழக்கமில்லை. அதனால் விமானத் தபாலில் வந்த நீல நிற ஏரோகிராம்கள் எல்லாம் 'அன்புள்ள மாமா அவர்களுக்கு' என்றுதான் தொடங்கின. அவளைப் பற்றி வருவது கடைசி வரியில்தான்: 'வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.' அந்த அனைவரில் அவளும் ஒருத்தி.

முதல் மூன்று வருஷம் லண்டன் கடிதங்கள். பரீட்சை, பேராசிரியர், பனி. பிறகு ஐம்பத்தாறில், லண்டனில் சத்தம் அதிகம், அமைதியான ஊரில் இருந்து படிக்கப் போகிறேன் என்று எழுதினான். அதற்கப்புறம் பரீட்சையைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. வந்ததெல்லாம் கெல்பிரிட்ஜ்தான். ஆட்டு ரோமம் ஏற்றிப் போன படகுகள், கொள்ளைநோயில் பாதி ஊர் செத்தது, பாலத்தின் நடுவில் கட்டிய சின்னக் கோயில்.

கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவம்மாவுக்கு ஆள் போகும். படிக்கத் தெரியாத அந்த அம்மாள் கையில் ஒரு தூக்குவாளி மாவோடு வந்து, நாற்காலியில் உட்காராமல் கதவோரம் தரையில் உட்கார்ந்து கேட்பாள். பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். துரைசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேடையில் பேசுகிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். சந்திரமதி உள்ளே காப்பி கலந்துகொண்டிருப்பாள். எல்லாம் முடிந்ததும் பூவம்மா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"சாப்பாடு கீப்பாடு பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?"

"பெரிய படிப்பு படிக்கிற புள்ளை. சாப்பாட்டப் பத்தியா எழுதுவான்?" என்பார் துரைசாமி.

சந்திரமதி படித்த பள்ளிக்கூடத்தில் அவளை ஆசிரியப் பயிற்சிக்குக் கூப்பிட்டுக் கடிதம் அனுப்பினார்கள். துரைசாமி அந்தக் கடிதத்தை மடித்துத் திருப்பி அனுப்பினார். "பாரிஸ்டர் வீட்டுக்குப் போற பொண்ணு பஸ்ல தொங்கிக்கிட்டு வேலைக்குப் போறதா? நாளைக்கு அவன் என்ன நெனைப்பான்?" தோழிகளோடு சினிமாவுக்குப் போகக் கூடாது. தைப்பூசத்துக்கு அப்பாவோடு போய் அப்பாவோடு திரும்ப வேண்டும். நிச்சயத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைத் தீபாவளிக்குத் தீபாவளி வெயிலில் காட்டி மடித்து வைக்க வேண்டும். தெருவில் அவளுக்குப் பெயரே 'பாரிஸ்டர் பொண்டாட்டி' என்று ஆகிவிட்டது. ஐம்பத்தாறு அக்டோபரில் கலவரம் வந்து ஊரடங்குச் சட்டம் போட்டபோது, வெளியே போக முடியவில்லையே என்று தெருவே புலம்பியது. சந்திரமதிக்கு அந்த நாட்களில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மூன்று வருஷம் ஐந்தாகி ஏழானது. கூடப் படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தேக்கா மார்க்கெட்டில் பார்த்தால், "இன்னும் வரலியா?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள். கேட்காமல் பார்ப்பவர்கள் அதிகம். வேறு ஒருவன் வந்து பெண் கேட்க முடியாது, தாம்பூலம் மாற்றியாயிற்று. இவளாக வேண்டாம் என்று சொல்ல முடியாது, மாதாமாதம் கடிதம் வருகிறதே. கடிதம் எழுதுகிறவனை எப்படிக் கைவிட்டவன் என்று சொல்வது?

அவள் மனம் விட்டுப் பேசிய ஒரே ஆள் கீழே கடை வைத்திருந்த அப்துல் முத்தலிபின் மனைவி மைமூன். காகிதம், பேனா, பள்ளிக்கூட நோட்டு விற்கும் கடை. மைமூன் சந்திரமதியைவிடப் பத்து வயது மூத்தவள்.

அறுபதாம் வருஷம் வந்த ஒரு கடிதத்தை அவளிடம்தான் சந்திரமதி சொன்னாள். கெல்பிரிட்ஜ் ஒரு காலத்தில் பெரிய துறைமுகமாம். ஆற்றில் மண் மேடிட்டுக் கப்பல் வருவது நின்றுபோயிற்று. ஆனாலும் ஊர்க்காரர்கள் துறைமுக அதிகாரி வேலையை எடுக்கவில்லை. நூற்று எண்பது வருஷம் ஆள் மாற்றி ஆள் வைத்தார்கள். அந்த அதிகாரி தினமும் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, 'இன்று கப்பல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாராம்.

"எங்கப்பா அதைப் படிச்சுட்டுச் சிரிச்சாரு. என்ன கட்டுப்பாடு பாருங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னாரு."

"நீ சிரிக்கலியா?"

"அந்த ஆளுக்குச் சம்பளமாவது குடுத்தாங்கக்கா."

மைமூன் கையிலிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் புது நூலகம் திறந்தார்கள். அங்கே போவதற்கு மட்டும் துரைசாமி தடை சொல்லவில்லை. பாரிஸ்டர் மனைவிக்குப் பொது அறிவு வேண்டும் என்பது அவர் எண்ணம். சந்திரமதி சனிக்கிழமை சனிக்கிழமை போனாள். இரண்டாவது மாதம், இங்கிலாந்து பற்றிய புத்தகங்கள் இருந்த அடுக்கில், மெலிந்த பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாள். கெல்பிரிட்ஜ் நகர வரலாறு. அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் எழுதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் அச்சிட்டது.

நின்ற இடத்திலேயே படித்தாள். மூன்றாவது பக்கத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆட்டு ரோமப் படகுகள். புரட்டினாள். கொள்ளைநோய். இரண்டு மணிக்கூண்டுகள். துறைமுக அதிகாரி. தனசேகரன் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாதிரியாரின் இங்கிலீஷைத் தமிழில் ஆக்கி, மேலே 'அன்புள்ள மாமா அவர்களுக்கு' என்று போட்டு அனுப்பியிருந்தான். 'போன ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் ஏழு வளைவுகளையும் எண்ணிக்கொண்டே நடந்தேன்' என்று எழுதியிருந்தானே, அதுகூடப் பாதிரியார் நடந்த நடைதான்.

அவள் அழவில்லை. புத்தகத்தை இரவல் பதிந்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஒரு வாரம் யோசித்தாள். ஆள் அந்த ஊரில்தான் இருக்கிறானா, அல்லது அதுவும் பொய்யா? புத்தகத்தின் முன்னுரையில் கெல்பிரிட்ஜ் ஊர் நூலகத்துக்கு நன்றி சொல்லியிருந்தது. அந்த நூலகத்துக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினாள். ஏழு வளைவுப் பாலம் இப்போதும் இருக்கிறதா, தனசேகரன் என்று சிங்கப்பூர் மாணவர் யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். பதில் வர மைமூனின் கடை முகவரியைக் கொடுத்தாள்.

"எங்கூட்டுக்காரர் கேட்டா என்னடி சொல்றது?" என்றாள் மைமூன்.

"இங்கிலாந்துல பேனா விலை விசாரிச்சோம்னு சொல்லுங்க."

"நல்லா சொன்னே லா" என்று மைமூன் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒத்துக்கொண்டாள்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. நூலகத்து அம்மாள் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். பெரிய படகுகள் போக வழிவிட வேண்டி முப்பத்தாறாம் வருஷமே பாலத்தின் இரண்டு வளைவுகளை இடித்து, இரும்பு போட்டுவிட்டார்கள். இப்போது வளைவு ஐந்துதான். திரு. தனசேகரனை நன்றாகத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் வாசிப்பறைக்கு வருவார், ஊர் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுப்பார், எங்கள் ஊர்மேல் இவ்வளவு பிரியமுள்ள வெளியூர்க்காரரை நாங்கள் பார்த்ததில்லை. அவர் மாணவரா என்று தெரியாது. ஆற்றங்கரை மால்ட் ஆலையில் வேலை பார்க்கிறார்.

மால்ட் என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தாள். பீர் காய்ச்சுவதற்காக பார்லியை முளைகட்டி வாட்டுவது என்று இருந்தது.

அன்றைக்கே தனசேகரனுக்கு எழுதினாள். எட்டு வருஷத்தில் அவனுக்கு அவள் எழுதிய முதல் கடிதம். நாலு வரி. 'பாலத்துக்கு வளைவு ஐந்து. எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையை எழுதுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கு வயது இருபத்தெட்டு.'

அவன் பதில் கடைக்கு வந்தது. பேனா பல இடங்களில் நின்று நின்று எழுதியிருந்தது.

'மூன்று தடவை பரீட்சையில் தவறினேன். நாலாவது தடவை கட்டப் பணமில்லை. இந்த ஊரில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான், வந்தேன். ஈர பார்லியை மண்வெட்டியால் புரட்டிப் போடுவதும் மூட்டை தூக்குவதும் வேலை. தூசியில் இருமல் வருகிறது, எல்லாருக்கும் வருகிறது. படகு பழுது பார்க்கும் கொட்டகைக்கு மேலே ஓர் அறை. கீழே தார் காய்ச்சும் வாசனை, ஆறு வற்றினால் சேற்று நாற்றம். நீங்கள் பாலத்தைக் கேட்டீர்கள். நான் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. குளிர்காலத்தில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இங்கே வந்த முதல் வருஷம் மாமாவுக்கு எழுத ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தப் புத்தகம் கிடைத்தது. ஒரு மாதம் தப்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சம்பளம் வாங்கிய நாள் பொரித்த மீன் வாங்கி வந்து எனக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.'

வேறு பெண் இல்லை, குடும்பம் இல்லை. இருந்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவனும் அங்கே கதவு இல்லாத ஓர் அறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தான். அவனை நினைத்து இரக்கப்பட்டாள். அந்த இரக்கத்தின்மேலேயே கோபமும் வந்தது. அப்பாவுக்கு நீங்களே எழுதி என்னை விடுவித்துவிடுங்கள் என்று மறுபடி எழுதினாள்.

ஒரு மாதம் கழித்து அப்பாவுக்கு ஏரோகிராம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூவம்மாவுக்கு ஆள் போயிற்று. அன்று பக்கத்து வீட்டார் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்ததால் வேறு யாரும் இல்லை. சந்திரமதி காப்பியைக் கலக்காமல் முன்னறையில் வந்து நின்றாள். துரைசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தின் ஒட்டைக் கிழித்தார்.

"'அன்புள்ள மாமா அவர்களுக்கு. கெல்பிரிட்ஜ் மக்களின் குணத்தைப் பற்றி இம்முறை எழுதலாம் என்றிருக்கிறேன். இவர்கள் வெள்ளம் வந்தால் ஊரை விட்டுப் போவதில்லை, மாடிக்குப் போவார்கள்…'"

இத்தனை எழுதிய பிறகும் அவனால் முடியவில்லை. இன்னும் எத்தனை பக்கம் பாக்கி? புத்தகம் நூற்று நாற்பது பக்கம், அவன் தொண்ணூறைத் தாண்டவில்லை.

"அப்பா, அடுத்த வரிய நான் சொல்லட்டுமா?"

துரைசாமி நிமிர்ந்தார்.

"வெள்ளம் வடிஞ்சதும் கீழ எறங்கி வந்து, சேத்தை வாரிப் போட்டுட்டு, மேசைய மறுபடி அதே எடத்துல போடுவாங்க. இதைப் பொறுமைன்னு சொல்றவங்களும் உண்டு, பிடிவாதம்னு சொல்றவங்களும் உண்டு."

அவர் கடிதத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. "முன்னாடியே பிரிச்சுப் படிச்சியா?"

"ஒட்ட நீங்கதானே இப்பக் கிழிச்சீங்க. இது ஒரு புஸ்தகத்துல இருக்குப்பா. எல்லாக் கடிதாசியும் அதுலதான் இருக்கு." மறுபடி இரவல் எடுத்திருந்த பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "அவர் பாரிஸ்டர் ஆகல. ஆலையில மூட்டை தூக்குறாரு."

"உள்ள போ" என்றார் துரைசாமி. சத்தம் எழும்பவில்லை.

அவள் போகவில்லை. எட்டு வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு அவள் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

கதவோரம் இருந்து பூவம்மா கேட்டாள். "ஒனக்கு எப்படித் தெரியும் தாயி?"

"எனக்கு எழுதியிருக்காரு அத்தை. உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் எழுதியிருக்காரு."

"வாசி."

சந்திரமதி ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து வாசித்தாள். இருமல் என்ற இடத்தில் பூவம்மா, "அத இன்னொரு தரம் படி" என்றாள். பொரித்த மீன் வந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் எம்புள்ளை பேசி நான் கேக்குறேன்" என்று சொல்லி எழுந்தாள். தூக்குவாளியை மறந்துவிட்டுப் படி இறங்கினாள்.

துரைசாமி அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் மகளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலைக்குச் செருப்பு மாட்டும்போது குனிந்தபடியே சொன்னார். "ஊர் பூரா வாசிச்சுக் காட்டியிருக்கேன். ஆபீஸ்ல, கோயில்ல, எல்லா எடத்துலயும். இனிமே நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்பா. வாசிக்காம இருந்தாப் போதும்."

அவர் படி இறங்கிப் போனார். அவரும் வெளியே வர வழி தெரியாமல்தான் இருந்தார் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. ஆனால் அவருக்காக இனி ஒரு வருஷம்கூட உட்கார்ந்திருக்க அவளிடம் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை பூவம்மா வந்தாள். கையில் பித்தளைத் தட்டு, வெற்றிலை, பாக்கு, நிச்சயத்தன்று பெண்வீட்டார் கொடுத்த வேட்டி துண்டு. துரைசாமி வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"அண்ணே, நான் குடுத்த வாக்கை நானே திருப்பி வாங்கிக்கிறேன். எம்மகன் வெக்கப்பட்டுக்கிட்டு எழுதமாட்டான். எனக்கு என்ன வெக்கம், மாவு ஆட்டுறவளுக்கு. நாலு பேரு கேட்டா, பூவம்மாதான் முறிச்சுட்டான்னு சொல்லுங்க."

துரைசாமி தட்டை வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு அவள் சந்திரமதியைக் கூப்பிட்டாள். "எனக்கு ஒரு கடிதாசி எழுதிக் குடு தாயி. பாரிஸ்டர் வேணாம், ஆள் வந்தாப் போதும்னு எழுது. இருமலுக்கு மருந்து வாங்கினானான்னு கேளு."

கதவு ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. எட்டு வருஷம் காத்திருந்த பெண்ணை, நிச்சயம் முறிந்த பெண்ணாகப் பார்க்கத் தெரு பழகிக்கொண்டது, அவ்வளவுதான். பெண் கேட்டு யாரும் வரவில்லை. துரைசாமி ஏறக்குறைய ஒரு வருஷம் மகளிடம் வேண்டியதற்கு மட்டும் பேசினார். ஆசிரியப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பம் போட்டபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பள்ளியில் போட்டார்கள். விடியும் முன் கிளம்பி பஸ் மாறி பஸ் பிடித்துப் போய்வந்தாள். சில நாள் வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடும்போது, திடீரென்று மாடி முன்னறையில் நிற்பதுபோல மூச்சு முட்டும். ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வருவாள்.

அறுபத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில், பூவம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, தனசேகரன் வந்தான். பூவம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டதால் சந்திரமதி போனாள். அவனிடம் கேட்பதற்கென்று அவள் எத்தனையோ வருஷமாகக் கேள்விகள் சேர்த்து வைத்திருந்தாள். கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் அதில் பாதி உதிர்ந்துவிட்டது. முன்தலை நரைத்து, தோள் ஒரு பக்கம் இறங்கி, கை மட்டும் பெரிதாக இருந்தது.

"மன்னிப்புக் கேட்டா அது ரொம்பச் சின்னதா இருக்குங்க" என்றான்.

"ஆமா, சின்னதுதான்" என்றாள். பூவம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "இங்கேயே இருந்துடப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு உடம்பு தேறினதும் திரும்பிப் போறேன். இங்க எல்லாருக்கும் நான் பாரிஸ்டர் ஆகாதவன். அங்க வெறும் மூட்டை தூக்குறவன். அது பரவாயில்லைங்க."

அவள் கிளம்பியபோது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான், இரண்டடி பின்னால் நடந்தபடி. சிராங்கூன் ரோட்டில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எதிரே வந்து நின்றார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவருதானே அந்தப் பாரிஸ்டர்?"

தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லீங்க" என்றாள் சந்திரமதி. "பூவம்மா அத்தையோட மகன். இங்கிலாந்துல ஒரு மால்ட் ஆலையில வேலை பார்க்குறாரு. அம்மாவைப் பார்க்க வந்திருக்காரு."

அவர் "அப்படியா" என்றார். எந்த ஊர், குளிர் எப்படி என்று விசாரித்தார். தனசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்ன ஊருங்க, ஆத்தங்கரை, ஈரக் காத்து எலும்பு வரைக்கும் போகும் என்று சொல்லத் தொடங்கினான். சந்திரமதி போக வேண்டிய பஸ் வந்தது. திருத்த வேண்டிய நோட்டுகள் வீட்டில் கிடந்தன. போய்வருகிறேன் என்று தலையை அசைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.